உங்கள் கவுன்சிலில் அணுவாயுதத் தடைத் தீர்மானம்: பிரிட்டனில் முதல் முறை முயல்பவர்களுக்கு

பிரிட்டனில் கவுன்சில் என்றதும் நினைவுக்கு வருவது குப்பைத் தொட்டி, கவுன்சில் டாக்ஸ், பார்க்கிங் பெர்மிட், பிள்ளைக்குப் பள்ளியில் இடம். அதே கவுன்சில்கள்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அணுகுண்டைப் பற்றியும் வாய் திறந்துவருகின்றன. 1980 நவம்பர் 5 அன்று மான்செஸ்டர் நகர கவுன்சில் தன் ஊரை அணுவாயுதமற்ற நகரமாக அறிவித்தது. 1982 பிப்ரவரியில் கிளூயிட் (Clwyd) கவுண்டியும் அப்படி அறிவிக்க, வேல்ஸின் எட்டுக் கவுண்டிகளும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டன. அதே ஆண்டு அணுப்போர் மூண்டால் என்ன செய்வது என்று ‘ஹார்ட் ராக்’ என்ற பெயரில் நாடு தழுவிய ஒத்திகை ஒன்றை அரசு திட்டமிட்டது. பல கவுன்சில்கள் பங்கேற்க மறுத்ததால் ஒத்திகையே கைவிடப்பட்டது.

இன்று கவுன்சில்களிடம் கேட்கப்படுவது அணுவாயுதத் தடை உடன்படிக்கைக்கு ஆதரவு. 2017 ஜூலை 7 அன்று ஐ.நா.வில் 122 நாடுகள் ஆதரித்து வாக்களித்து உருவான உடன்படிக்கை அது. எதிர்த்தது நெதர்லாந்து மட்டும். சிங்கப்பூர் வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கை 2023 செப்டம்பரில் சேர்ந்தது. பிரிட்டன், இந்தியா உட்பட அணுவாயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. ‘எங்கள் அரசு இதில் கையெழுத்திட வேண்டும்’ என்று உள்ளூர் கவுன்சில் சொல்வதுதான் நாம் கொண்டுவரப்போகும் தீர்மானம்.

மூன்று கதவுகள், எது உங்களுடையது?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலாவது, அணுவாயுத ஒழிப்புக்காக இயங்கும் ஐகேன் (ICAN) அமைப்பின் நகரங்கள் வேண்டுகோள். 2017இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அமைப்பு இது. வேண்டுகோளைத் தொடங்கியது 2018இல். பாரிஸ், பெர்லின், வாஷிங்டன், சிட்னி, டொரொண்டோ, பிரிட்டனில் மான்செஸ்டர், எடின்பரோ எனப் பல நகரங்கள் இதில் உள்ளன. கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: உடன்படிக்கையை ஆதரிப்பதாகவும், அதில் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தும்படி தன் நாட்டு அரசைக் கேட்பதாகவும் கவுன்சில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அமைதிக்கான மேயர்கள் அமைப்பு. ஹிரோஷிமா மேயராக இருந்த தகேஷி அராகி 1982இல் தொடங்கியது. இதில் சேருவது கவுன்சில் தலைவரோ மேயரோ கையெழுத்திடும் ஒரு படிவத்தோடு முடியும். ஆண்டுக்கு 2,000 யென் உறுப்பினர் கட்டணம், பத்து பவுண்டுக்குச் சற்று முன்பின். தொகை சின்னதுதான், ஆனால் எந்தக் கணக்கிலிருந்து கட்டுவது என்று யாருக்கும் தெரியாததால் நிலுவையில் கிடந்துவிடும். படிவம் போகும்போதே ஒரு அதிகாரியின் பெயரை அதற்குக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, அணுவற்ற உள்ளாட்சிகள் கூட்டமைப்பு. மான்செஸ்டர் அறிவிப்பைத் தொடர்ந்து உருவானது. இதற்கு ஆண்டுச் சந்தா உண்டு. அணுமின் நிலையம், அணுக்கழிவு ஆகியவற்றையும் இது எதிர்க்கிறது. கவுன்சில் வரவு செலவுத் திட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் காலத்தில் முதல் தீர்மானத்திலேயே சந்தா கட்டும் வரியைச் சேர்த்தால், விவாதம் குண்டை விட்டுவிட்டுக் காசைப் பற்றியதாகிவிடும்.

முதல் முயற்சிக்கு முதல் கதவு போதும். உலையையும் குண்டையும் ஒரே தீர்மானத்தில் கட்டவும் வேண்டாம். கூடங்குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டும் ஒரே கதைதான் என்று தோன்றலாம். ஆனால் இங்கே குண்டை எதிர்க்கும் கவுன்சிலர்களில் பலர் பருவநிலை காரணமாக அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்கள். அவர்களுடைய வாக்கை வீணாக இழப்பீர்கள்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. சட்டப்படி தங்கியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள் இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தியரும் இலங்கையரும் மலேசியரும் அதில் அடக்கம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பதிந்துவிட்டுப் பிறகு கவுன்சிலரிடம் போங்கள். கவுன்சிலரின் அலுவலகம் உங்கள் முகவரியைத்தான் முதலில் பார்க்கும்.

எந்தக் கவுன்சில் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லண்டனில் பரோ கவுன்சில் ஒன்றுதான். லண்டனுக்கு வெளியே சில இடங்களில் கவுண்டி, டிஸ்டிரிக்ட் என்று இரண்டடுக்கு. அதற்குக் கீழே பாரிஷ் அல்லது டவுன் கவுன்சிலும் இருக்கலாம். எந்த அடுக்கும் இந்தத் தீர்மானத்தைப் போடலாம். பெரிய கவுன்சிலில் கதவு திறக்காவிட்டால் டவுன் கவுன்சிலில் தொடங்குவது நல்ல பயிற்சி: உறுப்பினர்கள் பத்துப் பதினைந்து பேர், விவாதம் பதினைந்து நிமிடத்தில் முடியும்.

கவுன்சிலரைப் பிடிப்பது

தீர்மானம் கொண்டுவருவது நீங்கள் அல்ல, கவுன்சிலர். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலர்களின் பெயரும் அவர்கள் மக்களைச் சந்திக்கும் நேரமும் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். அந்தச் சந்திப்புக்கு இங்கே ‘சர்ஜரி’ என்று பெயர். அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, முன்னால் வரிசை. உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும்.

ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ் பக்கம் இருப்பவர்கள் செய்யும் ஒரு தவறு: சொந்த வார்டு கவுன்சிலரை விட்டுவிட்டு, வேறு வார்டில் இருக்கும் தமிழ்க் கவுன்சிலரிடம் “அண்ணை, ஒரு சின்ன உதவி” என்று போவது. அவர் அன்பாகப் பேசுவார், தேநீரும் தருவார். ஆனால் அவருக்கு நீங்கள் வாக்காளர் அல்ல; அடுத்தவர் வார்டில் கைவைக்கவும் கட்சிக்குள் தயக்கம் இருக்கும். முதலில் உங்கள் வார்டு. தமிழ்க் கவுன்சிலரை வழிமொழியக் கேளுங்கள். அந்த இடத்துக்கு அவர் மிகப் பொருத்தம்.

முன்மொழிபவர் ஆளும் கட்சி, வழிமொழிபவர் வேறு கட்சி என்று அமைந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எதிர்க்கட்சிக்காரர் மட்டும் கொண்டுவந்தால் ஆளும் தரப்பு உள்ளடக்கத்தைப் பார்க்காமலே கையைக் கீழே வைத்துக்கொள்ளும். லேபர், கன்சர்வேட்டிவ் இரண்டின் தேசியத் தலைமையும் பிரிட்டனின் அணு ஏவுகணைகளைத் தாங்கும் டிரைடென்ட் நீர்மூழ்கிகளை ஆதரிப்பவை என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கவுன்சிலர் உள்ளூரக் குண்டுக்கு எதிரானவராக இருந்தாலும் கட்சிக் குழுவின் கூட்டத்தில் பேசிச் சம்மதம் வாங்கியாக வேண்டும். அதற்கே ஒரு மாதம் பிடிக்கும்.

வாசகம்

இங்குள்ள கவுன்சில் தீர்மானங்களுக்கு மூன்று தட்டு உண்டு: கவுன்சில் எதைக் குறித்துக்கொள்கிறது, எதை நம்புகிறது, என்ன தீர்மானிக்கிறது. புதியவர்கள் முதல் தட்டிலேயே எல்லாச் சோற்றையும் கொட்டிவிடுவார்கள். ஹிரோஷிமா வரலாறு, உலகில் எத்தனை குண்டு, டிரைடென்டுக்கு எவ்வளவு செலவு என்று ஒன்றரைப் பக்கம் ஓடும். கடைசியில் “அணுவாயுதமற்ற உலகை இந்தக் கவுன்சில் ஆதரிக்கிறது” என்று ஒரே வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் எந்த அதிகாரியும் ஒரு வேலையும் செய்ய முடியாது. தீர்மானத்தின் உயிர் மூன்றாவது தட்டில்தான் இருக்கிறது: யார், எதை, எந்தத் தேதிக்குள்.

முதல் இரண்டு தட்டும் சேர்ந்து 150 சொல்லுக்குள் அடங்கட்டும். மூன்றாவது தட்டு தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“இந்தக் கவுன்சில் தீர்மானிப்பதாவது: (1) அணுவாயுதத் தடை உடன்படிக்கையை ஆதரிக்கிறது, அதில் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தும்படி ஐக்கிய இராச்சிய அரசைக் கேட்டுக்கொள்கிறது. (2) தலைமை நிர்வாகி 28 நாளுக்குள் வெளியுறவு அமைச்சருக்கும் பாதுகாப்பு அமைச்சருக்கும் இப்பகுதி எம்.பி.க்களுக்கும் இதைக் கடிதமாக அனுப்புவார். (3) அதே 28 நாளுக்குள் தீர்மான நகலை ஐகேனுக்கு அனுப்பி, நகரங்கள் பட்டியலில் இந்தக் கவுன்சிலைச் சேர்க்கக் கேட்பார். (4) வந்த பதில்களை அடுத்த முழுக் கவுன்சில் கூட்டத்தில் வைப்பார்.”

நான்கே வரி. நான்காவதைப் பலர் எழுதுவதில்லை. அது இல்லாவிட்டால் கடிதம் போனதா என்றுகூடத் தெரியவராது.

இனி, தீர்மானத்தை உள்ளூரோடு கட்டுவது. பல கவுன்சில்களின் விதிப்படி தீர்மானம் கவுன்சிலின் பொறுப்பைச் சார்ந்தோ, அந்தப் பகுதியைப் பாதிப்பதாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்ட அதிகாரி வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். “வெளியுறவுக் கொள்கை நம் வேலையா?” என்று கூட்டத்தில் எழும் கேள்வியும் இதுதான். பதில் சட்டத்திலேயே இருக்கிறது: 2004ஆம் ஆண்டின் சிவில் அவசரநிலைச் சட்டப்படி, பெரிய விபத்தோ தாக்குதலோ நடந்தால் முதலில் களமிறங்க வேண்டியவர்கள் என்ற பட்டியலில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றோடு உள்ளாட்சிகளும் உள்ளன. ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன் (ஒரு கிலோடன் என்றால் ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்). 1945 முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். டிரைடென்ட் ஏவுகணையின் ஒரு வெடிமுனை சுமார் 100 கிலோடன். அதைச் சமாளிக்கும் அவசரத் திட்டம் எந்த பரோவிடமும் இருக்க முடியாது. இந்த ஒரு பத்தியை இரண்டாவது தட்டில் வையுங்கள்.

இன்னொரு உள்ளூர் நூலும் உண்டு. பெர்க்‌ஷயரிலுள்ள பர்க்ஃபீல்டு ஆலைக்கும் ஸ்காட்லாந்தின் கூல்போர்ட் கிடங்குக்கும் இடையே வெடிமுனைகள் லாரி வரிசையாகச் சாலை வழியேதான் போய்வருகின்றன. அந்த வழியில் இருக்கும் ஊர்களுக்கு இது வலுவான வாதம். உங்கள் ஊர் அந்த வழியில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். ஒரு தவறான தகவல் போதும், எதிர்த்தரப்பு முழுத் தீர்மானத்தையும் அதைக் காட்டியே தள்ளிவிடும்.

எழுதவே கூடாத ஒன்று: அணுவாயுதம் செய்யும் நிறுவனங்களிடம் கவுன்சில் எதுவும் வாங்கக் கூடாது என்ற வரி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 17ஆம் பிரிவு, ஒப்பந்தம் கொடுக்கும்போது ஒரு நிறுவனத்துக்குப் பாதுகாப்பு, வெளியுறவுக் கொள்கைகளோடு உள்ள தொடர்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது. சட்ட அதிகாரி அந்த வரியைப் பார்த்ததும் முழுத் தீர்மானத்தையும் நிறுத்திவைப்பார். அமெரிக்காவிலும் இதே வரி தொல்லை கொடுத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகர வாக்காளர்கள் 1988இல் நிறைவேற்றிய அணுவற்ற மண்டலச் சட்டத்தை மத்திய நீதிமன்றம் 1990இல் செல்லாது என்றது. மேரிலாண்டின் டக்கோமா பார்க்கில் 1983இல் வந்த சட்டம் நிலைத்தது. ஆனால் 2012இல் நூலகத்துக்கு, அணுவாயுதத் துறையோடு தொடர்புள்ள எச்.பி. நிறுவனத்தின் கணினிகளைப் பொருத்த அந்த நகர மன்றமே தன் சட்டத்துக்கு விலக்கு கொடுக்க வேண்டியதாயிற்று.

ஓர் உள்ளாட்சி தன் கையில் உண்மையாகவே இருக்கும் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜப்பானின் கோபே நகரம் உதாரணம். அங்கே துறைமுகத்தை நிர்வகிப்பது நகராட்சி. 1975 மார்ச் 18 அன்று, அணுவாயுதம் தாங்கிய கப்பல்களை ஏற்பதில்லை என்று நகர மன்றம் தீர்மானித்தது. அதன் பிறகு வரும் வெளிநாட்டுப் போர்க்கப்பல் ‘அணுவாயுதம் இல்லை’ என்று எழுத்துச் சான்று தர வேண்டும். அமெரிக்கக் கடற்படை அப்படிச் சான்று தருவதில்லை. எனவே 2025 மார்ச்சில் ஒரு கப்பல் சான்றின்றி நுழையும் வரை, ஐம்பது ஆண்டுகள் அதன் போர்க்கப்பல்கள் அங்கே நுழையவில்லை.

நாட்காட்டி

தீர்மானம் போவது கவுன்சிலை நடத்தும் சிறு குழுவான கேபினட்டுக்கு அல்ல, எல்லாக் கவுன்சிலர்களும் கூடும் முழுக் கவுன்சிலுக்கு. அது ஆண்டுக்கு ஆறு முறை அளவில்தான் கூடும். அதிலும் மே மாத ஆண்டுக் கூட்டம் மேயரைத் தேர்ந்தெடுக்க, பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் தொடக்கத்துக் கூட்டம் பட்ஜெட்டுக்கு. இரண்டிலும் பொதுவாகத் தீர்மானங்களுக்கு இடமில்லை. ஆகஸ்டில் விடுமுறை. தேர்தல் ஆண்டு என்றால் மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆக மிஞ்சுவது ஜூலை, இலையுதிர்காலம், டிசம்பர், ஜனவரி. ஜூலைக் கூட்டம் நல்ல தருணம்: ஆகஸ்ட் 6, 9 ஹிரோஷிமா, நாகசாகி நாள்களுக்கு முன்னால் வருகிறது, உள்ளூர்ப் பத்திரிகையும் திரும்பிப் பார்க்கும்.

கூட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இங்கிலாந்தின் பரோ, டிஸ்டிரிக்ட், கவுண்டி கவுன்சில்களில் நிகழ்ச்சி நிரல் ஐந்து ‘முழு நாள்’ முன்னதாக வெளியாக வேண்டும் என்பது சட்டம். வெளியிடும் நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேராது, சனி ஞாயிறும் சேராது. புதன்கிழமை கூட்டம் என்றால் முந்தைய வாரம் செவ்வாய்க்குள் நிரல் வெளியாகும். கவுன்சிலர் தீர்மானத்தைக் கொடுக்க வேண்டிய கெடு அதற்கும் முன்னால். சில இடங்களில் ஏழு வேலைநாள், சில இடங்களில் பத்து, பெரும்பாலும் நண்பகலோடு முடியும். சரியான கெடு கவுன்சிலின் அரசியலமைப்பு ஆவணத்தில், நிலையான ஆணைகள் என்ற பகுதியில் இருக்கும். தேடி அலைய வேண்டாம், கூட்ட ஏற்பாடுகளைக் கவனிக்கும் டெமாக்ரடிக் சர்வீசஸ் பிரிவைத் தொலைபேசியில் கேளுங்கள். கவுன்சில் முழுவதிலும் நேரான பதில் தரும் பிரிவு அதுதான்.

கட்சிக் குழுவுக்கு ஒரு மாதம், சட்ட அதிகாரியின் பார்வைக்கு ஒரு வாரம் சேர்த்தால், சர்ஜரியில் உட்காரும் நாளுக்கும் கூட்ட நாளுக்கும் இடையே குறைந்தது பத்து வாரம் வைத்துக்கொள்வது நல்லது.

கூட்ட இரவு

பல கவுன்சில்களில் குடியிருப்பாளர் முன்பதிவு செய்து பேசலாம். மூன்று நிமிடம் என்பது பொது அளவு. ஆங்கிலத்தில் அது 380 சொல் அளவுக்கு வரும். மணி அடித்தால் வாக்கியத்தின் நடுவிலும் நிறுத்திவிடுவார்கள், எனவே கோரிக்கையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

விவாதத்தில் மூன்று எதிர்ப்பு வரும். ‘நம் வேலையா’ என்பதற்குப் பதில் மேலே இருக்கிறது. ‘ரஷ்யா வைத்திருக்கும்போது நாம் மட்டும் கீழே போடுவதா’ என்பது இரண்டாவது. உடன்படிக்கையின் நான்காவது பிரிவு, அணுவாயுதம் வைத்திருக்கும் நாடும் சேர்ந்துவிட்டு, பிறகு காலக்கெடுவுள்ள திட்டப்படி அவற்றைச் சரிபார்ப்போடு அழிக்க வழி தருகிறது. இது பல நாடுகள் சேர்ந்து செய்யும் ஏற்பாடு என்று முன்மொழிபவர் சொல்ல வேண்டும். மூன்றாவது, வேலைவாய்ப்பு. பாரோ-இன்-ஃபர்னெஸ் கப்பல்தளத்தில் நீர்மூழ்கி கட்டும் தொழிலாளர்களின் சங்கங்கள் லேபர் கவுன்சிலர்களுக்கு நெருக்கமானவை. இதை மழுப்பிப் பேசினால் எடுபடாது. மாற்று வேலைக்கு அரசு திட்டமிட வேண்டும் என்ற ஒரு வரியை முன்கூட்டியே தீர்மானத்தில் வைப்பதுதான் வழி.

எதிர்ப்பைவிட ஆபத்தானது நட்பான திருத்தம். “கையெழுத்திட்டு உறுதிப்படுத்தும்படி” என்பதை எடுத்துவிட்டு “உடன்படிக்கையின் நோக்கங்களை வரவேற்கிறது” என்று மாற்றச் சொல்வார்கள். எல்லாரும் கை தூக்குவார்கள், கைதட்டலும் இருக்கும். ஆனால் அந்தச் சொற்கள் போனால் ஐகேன் பட்டியலில் சேர முடியாது. முன்மொழிபவர் திருத்தத்தை ஏற்பதற்கு முன் இதை அறிந்திருக்க வேண்டும். தாளில் அந்த வரியைச் சிவப்பில் கோடிட்டுக் கொடுங்கள். விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதைத் தொடாமல் இன்னொன்றைச் சேர்க்கலாம்: உடன்படிக்கை நாடுகளின் கூட்டத்துக்குப் பிரிட்டன் பார்வையாளராகவாவது போக வேண்டும் என்று. 2022இல் வியன்னாவில் நடந்த முதல் கூட்டத்துக்கு நேட்டோ உறுப்பினர்களான ஜெர்மனியும் நார்வேயும் அப்படிப் போயின.

இன்னும் இரண்டு பொறிகள். தீர்மானங்களுக்கென்று ஒதுக்கிய மொத்த நேரம் முடிந்துவிட்டால், உங்கள் தீர்மானம் பேசப்படாமலே போகலாம். நிரலில் மூன்றாவதோ நான்காவதோ என்றால் இது அடிக்கடி நடக்கும். மற்றொன்று ஆறு மாத விதி: தோற்ற தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் மறுபடி கொண்டுவர முடியாது என்று பெரும்பாலான கவுன்சில்களில் உண்டு. கூட்டத்துக்கு முந்தைய நாள் தலையை எண்ணுங்கள். போதவில்லை என்றால், ரோஷப்படாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

நிறைவேறிய பிறகு

அரசின் பதில் எப்படி இருக்கும் என்பது இப்போதே தெரியும்: இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடும் எண்ணமில்லை என்று ஒன்றிரண்டு பத்தி. அதைக் கண்டு சோர வேண்டியதில்லை. அந்தப் பதில் கவுன்சில் ஆவணத்தில் ஏறுவதும், எம்.பி. அதைப் படிக்க நேர்வதும்தான் பலன். அமைதிக்கான மேயர்கள் அமைப்பில் சேர இதுவே நல்ல நேரம்; ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பிய மரங்களின் விதைகளை அவர்கள் உறுப்பு நகரங்களுக்குத் தருகிறார்கள். பூங்காத் துறையோடு முன்கூட்டிப் பேசாமல் விதை வாங்கினால் அது ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் காய்ந்துபோகும்.

ஓய்வூதிய நிதி அடுத்த படி, அதுவும் தனிப் பாதை. கவுன்சில் ஊழியர்களின் நிதி எந்த நிறுவனப் பங்குகளில் உள்ளது என்று தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 20 வேலைநாளில் பதில் வர வேண்டும். “அணுவாயுத முதலீடுகள் எவை” என்று கேட்டால் அப்படி ஒரு வகைப்பாடே தங்களிடம் இல்லை என்று முடித்துவிடுவார்கள். பங்குப் பட்டியல் முழுவதையும் ஒரு குறிப்பிட்ட தேதிக்குக் கேட்டு, நீங்களே தேடுங்கள். முடிவெடுப்பது முழுக் கவுன்சில் அல்ல, ஓய்வூதியக் குழு. நிதிக்குக் குறிப்பிடத்தக்க நஷ்டம் இல்லாமலும், உறுப்பினர்கள் அந்தக் கவலையைப் பகிர்வார்கள் என்று நம்ப நல்ல காரணத்தோடும் இருந்தால்தான் காசு சாராத காரணத்துக்காக முதலீட்டை மாற்றலாம் என்பது அவர்கள் பின்பற்றும் அளவுகோல். எனவே தொழிற்சங்கக் கிளைகளின் கடிதங்களோடு போங்கள்.

ஆறு மாதம் கழித்துப் பொதுக் கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி பதிவு செய்யுங்கள். வாசகம் இவ்வளவு போதும்: “இன்ன தேதித் தீர்மானத்தின்படி கடிதம் எந்த நாளில் அனுப்பப்பட்டது, பதில் எந்த நாளில் வந்தது, இரண்டின் நகலும் எங்கே பார்க்கலாம்?” கடிதம் இன்னும் போகவில்லை என்றால், உங்கள் கேள்வி நிரலில் வந்த அன்று மாலையே போய்விடும்.